கோரைக்கு ஓடு கட்டிய தண்ணீர்

களைக்கொல்லிதான் களையைக் கொல்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள், அந்தக் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் இதைச் சொல்லித் திரிகிறார்கள். பூமி தட்டை என்ற எண்ணம் ஒழிந்து இத்தனை காலம் கழித்தும் இது ஒழியவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதுகில் மாட்டுகிற பதினாறு லிட்டர் டேங்கில் மருந்து என்பது ஒரு டீ டம்ளர் அளவு. மீதி முழுக்கத் தண்ணீர். ஒருவனைக் கொல்ல நூறு பேர் புறப்பட்டுப் போய், அதில் ஒருவன் கையில் மட்டும் கத்தி இருந்தால், காரியம் நடப்பதும் நடக்காததும் மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் மனசைப் பொறுத்தது.

அரியலூருக்கு மேற்கே பனையடிக்குடிக்காட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அந்தப் பக்கமெல்லாம் பத்துக்கோடி வருஷத்துக்கு முன்னால் கடல். கடல் போய்விட்டது; ஆனால் வீட்டைக் காலி செய்கிற எல்லோரையும் போல, தூக்க முடியாத சாமான்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. கிணறு வெட்டினால் சிப்பி வரும், உழுதால் நத்தையைப் போலச் சுருண்ட கல் வரும், அந்தக் கல்லை எடுத்து வந்து கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுப்பார்கள். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் உண்டு. இதிலெல்லாம் ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. அதுவும் அந்த வருஷம் ஏரி வறண்டு, ஆடியில் ஒரே ஒரு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு, அதோடு வானம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் எட்டு ஏக்கர் கொல்லைக்குச் சொந்தக்காரரான ரெத்தினவேலு போர் போட்டார். ஐந்நூறு அடியில் புகை வந்தது, எண்ணூறில் பாறைத்தூள் வந்தது, ஆயிரத்து நூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக, லேசான வெள்ளையாக, வாளியில் பிடித்துத் தூக்கினால் மற்ற தண்ணீரைவிடக் கனமாக, மீன் கழுவிய பாத்திரத்தின் வாடையோடு வந்தது. அதில் சோப்பு நுரைக்கவில்லை. காலையில் அடுப்பில் ஏற்றிய துவரம்பருப்பு மத்தியானம் வரைக்கும் கூழாங்கல்லாகவே குதித்துக்கொண்டிருந்தது. குடத்தின் கழுத்தில் வெள்ளையாக வளையம் படிந்தது. வேறு ஊராக இருந்தால் இதையெல்லாம் தண்ணீரின் குறை என்பார்கள். குடிக்காட்டில் பலம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"சோப்பையே நுரைக்க விடாத தண்ணி, களையச் சும்மா வுட்ருமா?" என்றார் ரெத்தினவேலு, மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.

"அப்படிப் போடுங்க" என்றார் கடைக்காரர். அவர் பெயர் இளஞ்சேட்சென்னி. தமிழ்ப்பற்று மிகுந்த தகப்பனாரின் கைங்கரியம். ஊரார் முன்பாதியைத் தள்ளுபடி செய்து சென்னி என்று வைத்திருந்தார்கள். சென்னி எடுத்துக் கொடுத்த டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தில், பல மொழிகளில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில், சுத்தமான நல்ல நீரில் கலக்கவும் என்று போட்டிருந்தது. அங்கே எறும்புகளுக்குக் குறைவில்லை என்றாலும் அவை எதுவும் மருந்து வாங்க வரவில்லை.

வேறு தண்ணீர் கிடைத்திருந்தாலும் ரெத்தினவேலு அதை எடுத்திருக்க முடியாது. குடிக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஆகாதவனுக்கும் செம்பு நிறையக் கொடுப்பார்கள். மருந்து கலக்கத் தண்ணீர் கேட்டால் கூடப் பிறந்தவனுக்கும் கொடுக்க மாட்டார்கள். மருந்து பட்டுச் சாகிற பூண்டு, புழு, பூச்சி, தவளை எதுவானாலும் அதன் பாவம் அடித்தவனுக்கு இல்லை, அடிக்கச் சொன்னவனுக்கு இல்லை, தண்ணீர் கொடுத்தவனுக்கு. அதனால் அந்தந்தக் கொல்லைக்கு அந்தந்தக் கொல்லைத் தண்ணீர்தான். இந்த வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. களைக்கொல்லிக்கே வயது ஐம்பது அறுபதுதான் என்பதால் ரொம்பப் பழமையாக இருக்க முடியாது. ஆனால் பாவம் சம்பந்தப்பட்ட வழக்கங்கள் பிறக்கும்போதே நரைத்துத்தான் பிறக்கின்றன.

அடிக்கிறவன் பூராசாமி. இருபத்திரண்டு வருஷமாக அந்த வட்டாரத்தில் எந்தக் கொல்லையில் எது சாக வேண்டுமானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவான். டேங்கின் அடி மூலையில் ஒரு கசிவு இருந்தது. அது அவன் முதுகில் ஒழுகி, இடுப்பில் இறங்கி, அங்கே நிரந்தரமாக ஒரு புண்ணை வைத்திருந்தது. மூக்கில் எப்போதும் மருந்து வாடை. மல்லிகைப் பூவை முகர்ந்தாலும் மருந்து, குழந்தையைத் தூக்கினாலும் மருந்து. சோற்றில் மட்டும், அதுவும் பருப்புச் சோற்றில் மட்டும், கொஞ்சம் குறைவாகத் தெரியும் என்பான்.

அவன் பெண்டாட்டி அம்சவல்லி, களைவெட்டும் பெண்கள் பதினோரு பேருக்குத் தலைவி. பூராசாமி டேங்கைத் தூக்குவதற்கு முன்னால் நாற்பது பேருக்குத் தலைவியாக இருந்தவள்.

"நாப்பது பொம்பளைங்க மூணு நாளு குனிஞ்சி எடுக்குறத நீ ஒருத்தன் அரை நாள்ல நின்னுக்கிட்டே முடிச்சிட்டு வர்ற. பொழப்பும் பொழப்பக் கெடுக்குறவனும் ஒரே வூட்ல" என்பாள்.

"ரெண்டு பேரு சோறும் ஒரே பானையிலதான வேவுது, வுடு" என்பான்.

பருப்பு மட்டும் தனிப் பானையில், தனித் தண்ணீரில் வெந்தது. ஆடி மழை கொட்டிய அன்று தகரக் கூரையிலிருந்து விழுந்ததை அம்சவல்லி ஒரு நீல டிரம்மில் பிடித்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி வைத்திருந்தாள். ஊரில் இன்னும் சில வீடுகளிலும் அப்படி டிரம் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுப்பதில்லை, துவைக்க எடுப்பதில்லை. பருப்புக்கு மட்டும்.

ஆவணி நடுவில் பூராசாமி ரெத்தினவேலுவின் எட்டு ஏக்கரிலும் மண்டிக் கிடந்த கோரைக்கு மருந்தடித்தான். கோரை பத்தாம் நாள் மஞ்சளாக வேண்டும், பதினைந்தாம் நாள் சாய வேண்டும், ஐப்பசி பிறப்பதற்குள் உழுது சோளம் போட வேண்டும். பத்தாம் நாள் கோரை வெள்ளையானது.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். சாவில் இது கூடுதல் சாவு என்று நினைத்தார்கள். காற்றடித்தபோதுதான் சத்தம் வந்தது. எட்டு ஏக்கரும் டீக்கடையில் டம்ளர் கழுவுவதுபோல் கிணுகிணுத்தது. அம்சவல்லி வரப்பிலிருந்து இறங்கி ஒரு கோரையைப் பிடித்துப் பார்த்தாள். ஈர்க்குத் தடிமனில், வழவழவென்று, நத்தைக்கு இருப்பது போன்ற ஓடு, வேர்முட்டிலிருந்து நுனி வரைக்கும். களைக்கொட்டின் முனையால் தட்டினாள். ஓடு பிளந்தது. உள்ளே கோரை முன்னைவிடப் பச்சையாக, ஈரமாக, இப்போதுதான் முளைத்ததுபோல் நின்றது.

மெத்தென்று எது வந்து அகப்பட்டாலும் அதற்கு ஓடு கட்டிக் கொடுப்பது அந்தத் தண்ணீரின் பழைய தொழில், பத்துக்கோடி வருஷம் வேலையில்லாமல் கிடந்து கூப்பிட்டவுடன் வந்துவிட்டது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். குடிக்காட்டில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. டிராக்டர்காரர் தன் ரொட்டவேட்டர் கத்தி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். சிமெண்டு ஆலையில் வேலை செய்கிற ஒருவர் ஒரு பிடி ஒடித்துக்கொண்டு போய்ச் சோதித்து, சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் இவ்வளவு சின்னச் சின்னதாக வந்தால் லாரி ஏற்றக் கட்டாது என்றார். பெண்கள் ஒடித்து இடித்துச் சலித்துக் கோலம் போட்டார்கள். எறும்பு அதை எடுக்கவில்லை என்று இரண்டு நாளில் நிறுத்தினார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் தடவிப் பார்த்து, காரம் சரி, பின்வாய் உப்பு என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆடுகள் ஒரு வாய் கடித்துவிட்டு, மனிதர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு கொல்லைக்குப் போயின. கல்யாண வயதில் பெண் வைத்திருந்த ஒருவர், காற்று இல்லாத நாளாகப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னார்.

சென்னி சொன்னார்: "மருந்து பத்தலண்ணே. இன்னொரு சுத்து அடிச்சுவுடுங்க."

இன்னொரு சுற்று அடித்தான் பூராசாமி. ஓட்டின் மேல் ஓடு வந்தது. அதற்கும் மேல் ஒரு சுற்று அடித்தான். இந்தத் தடவை ஓட்டில் அழகான வரிகளும் லேசான ரோஸ் நிறமும் வந்தன.

மூன்றாம் சுற்று முடிந்த மறுநாள் பூராசாமி சோற்றில் கை வைத்தபோது தட்டில் டக்கென்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கையைப் பார்த்தார்கள். நகம் ஐந்தும் வெள்ளையாக, தடித்து, முதல் கணு வரைக்கும் இறங்கியிருந்தன.

"வலிக்குதா?"

"இல்ல புள்ள. பருப்ப அள்ளத்தான் முடியல."

ஒரு வாரத்தில் அது முழங்கை தாண்டியது. டேங்க் ஒழுகிய முதுகில் தனியாக ஒன்று கிளம்பி, கவிழ்த்துப் போட்ட வாணலி போலப் பரவி, இடுப்பைச் சுற்றி வந்து வயிற்றில் கை கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, கால்சியம் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றதும், சாப்பிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு பேர் இடத்தைப் பிடிக்கிறாய் என்று நிற்க வைத்தார். தேங்காய் உடைக்க அவன் முதுகைத் தேடி வந்தார்கள். சரியாக இரண்டாக உடைகிறது என்று பெயரும் வந்தது. யாரோ அவன் முன்னால் சூடம் கொளுத்தினார்கள். அம்சவல்லி விளக்குமாற்றை எடுத்தாள். அந்த மதம் அன்றோடு முடிந்தது.

புரட்டாசி மூன்றாம் வாரம் வேளாண்மை அலுவலர் பானு வந்தார். கண்ணாடிக் குப்பியில் போர்த் தண்ணீரைப் பிடித்து, ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினார். நிறம் மாற வேண்டிய இடத்தில் மாறவில்லை. சொட்டு தீர்ந்து அடுத்த பாட்டிலைத் திறந்தார்.

"இந்தத் தண்ணிலயா கலந்தீங்க?" என்றார். "இது முழுக்கச் சுண்ணாம்புங்க. மருந்து இலைக்குள்ள போறதுக்கு முன்னாடியே சுண்ணாம்பு அதக் கட்டிப் புடிச்சிக்கும். ஏரித் தண்ணி கலங்கலா இருந்தாலும் இதே கதைதான், மண்ணு புடிச்சிக்கும். நீங்க மூணு தடவ அடிச்ச மருந்து எங்கயும் போகல. அந்த ஓட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கு."

"கோரை சாவாதா மேடம்?" என்றார் ரெத்தினவேலு.

"இப்படியே வுட்டா சாகாது. பூக்காது, விதை வுடாது, வளராது. சும்மா இருக்கும், எத்தன வருஷம் ஆனாலும்."

"உப்பு கிப்பு போட்டு அடிச்சா?"

"அமோனியம் சல்பேட்டு போடலாம். சாதாரணத் தண்ணின்னா கேக்கும். இதுக்கு நீங்க ஒரு லாரி போடணும். மழைத் தண்ணி இருந்தா அதுல கலந்து அடிங்க. ஒரு ஏக்கருக்கு ஒரு டிரம் போதும்."

ரெத்தினவேலுவின் முகம் மாறியது. மழைத் தண்ணீர் எட்டு வீடுகளில் எட்டு டிரம் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் யாருக்கும் வழியில்லை. கோயில் வாசலில் ஊர் கூடிப் பேசியது. விலைக்குக் கொடுத்தால் பாவம் வராதா என்று ஒருவர் கேட்டார். பாவமும் வரும், பேராசை என்ற பெயரும் வரும் என்றார்கள். கடனாகக் கொடுத்தால் பாவத்தையும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பாரா என்று கேட்டார்கள். கடைசியில் வயதான ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திருடிக்கிட்டுப் போனா நாம குடுத்ததா ஆவாதுல்ல" என்றார். ஊர் இந்த நியாயத்தின் அழகை மெச்சியபடியே எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஏழு வீட்டுக்காரர்கள் டிரம்மை உருட்டி வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரெத்தினவேலு டிராக்டரில் வந்து, ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நிறுத்தி, "திருட வந்திருக்கேன், யாரும் வெளிய வந்துராதீங்க" என்று உரக்கச் சொன்னார். ஒரு வீட்டுக்குள்ளிருந்து மட்டும், "அண்ணே, டிரம்ம மறக்காமத் திருப்பிக் கொண்டாந்துரு" என்று குரல் வந்தது. எட்டாவதாக அம்சவல்லி வீட்டுக்கு வந்தார். வாசலில் டிரம் இல்லை. அம்சவல்லி இருந்தாள்.

"எங்க வூட்ல திருட்டு நடக்காது. போ" என்றாள்.

"ஒரு ஏக்கரு அம்சவல்லி. அப்படியே நிக்கும்."

"எம் புருசனும் அப்படியேதான் நிக்கிறாரு."

பூராசாமியால் இப்போது கையை மடக்க முடியாததால், ரெத்தினவேலு வாழ்க்கையில் முதல்முறையாக டேங்கைத் தன் முதுகில் மாட்டி, இருபத்திரண்டு வருஷமாக இது இவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லையே என்று புலம்பிக்கொண்டு, ஏழு ஏக்கரையும் அடித்தார். காலை பத்து மணிக்கு ஓடுகள் கரைய ஆரம்பித்தன. வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு மாதிரிக் குழைந்து வழிந்தன. பதினோரு மணிக்கு ஏழு ஏக்கர் கோரையும் பச்சைப்பசேலென்று காற்றில் வளைந்தது. வாரக்கணக்கில் பச்சையையே பார்க்காத ஊர், சாக வேண்டிய களைதான் என்பதை மறந்து, வரப்பில் வரிசையாக நின்று பார்த்தது. நாலு மணிக்குக் கோரை கறுத்தது. மஞ்சளாகவில்லை, சாயவில்லை, நின்றபடியே நுனியிலிருந்து அடிக்கிழங்கு வரைக்கும் கரியாகக் கறுத்தது. ஓடு பிடித்து வைத்திருந்த மூன்று சுற்று மருந்தும் ஒரே நாளில் உள்ளே இறங்கியிருந்தது.

ரெத்தினவேலு கையெடுத்து வானத்தைக் கும்பிட்டார். அம்சவல்லி வரப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

பூராசாமி வாசலில் சிமெண்டுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். ஓடு கழுத்தைத் தாண்டி மோவாய்க்கு வந்திருந்தது. இன்னும் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு. வாய் மூடிவிடும். அதற்கப்புறம் அவனும் சாக மாட்டான், பூக்க மாட்டான், சும்மா இருப்பான்.

கறுத்த கொல்லையைப் பார்த்துவிட்டு அங்கே வந்த பானுவிடம் அம்சவல்லி கேட்டாள்: "இவரு மேல மழத்தண்ணி ஊத்துனா?"

பானு குனிந்து அவன் தோள் ஓட்டை விரலால் தடவினார். "ஓடு கரையும்மா" என்றார். "ஆனா அதுக்குள்ள இருக்கிற மருந்து எங்க போகும்? பாத்தீங்கல்ல."

"கரைக்காம ஒடச்சா?"

"ஒடச்சா ஒடச்ச துண்டுலயே இருக்கும். ஆனா எப்படி ஒடப்பீங்க? தோலோட ஒட்டியிருக்கு."

"கோரை மட்டும் என்னா, பயிரு வேரோட ஒட்டாமயா மொளைக்குது?" என்றாள் அம்சவல்லி.

மறுநாள் காலையில் பதினோரு பெண்களும் களைக்கொட்டோடு வந்தார்கள். அம்சவல்லி புருஷனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"யோவ். ஆரம்பிக்கட்டுமா?"

பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அவன் குரல் வந்தது. "உள்ள நல்லாருக்கு அம்சா."

"என்னா நல்லாருக்கு?"

"மருந்து வாடை இல்ல. இருவத்திரெண்டு வருசத்துல மொதத் தடவ. இடுப்புப் புண்ணு ஆறிப்போச்சி. உள்ள தோலு எல்லாம் புதுசா இருக்கு, எனக்குத் தெரியுது."

அம்சவல்லி கொஞ்ச நேரம் களைக்கொட்டின் முனையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று எட்டாவது ஏக்கரில் தெரிந்தது.

"அப்ப உள்ளயே இருக்கியா? நாளான்னைக்கு வாய் மூடிரும். அப்புறம் எங்கிட்ட ஏதும் கேக்க முடியாது. சோறு கேக்க முடியாது. ஏன்டி லேட்டுன்னு கத்த முடியாது."

அவன் யோசித்தான். யோசித்துவிட்டு, "பருப்பு இருக்கா?" என்றான்.

"பருப்பு இருக்கு. வேவ மழத்தண்ணி வேணும். உன்னக் கழுவவும் மழத்தண்ணி வேணும். இருக்கிறது ஒரு டிரம்மு. எது வேணும் சொல்லு."

"ரெண்டு கொடம் பருப்புக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்த ஊத்தேன்" என்றான் பூராசாமி.

இரண்டு குடம் தனியாக மொண்டு வைக்கப்பட்டது. அப்புறம் வேலை ஆரம்பித்தது. கடலைச் செடி வேரில் கீறல் படாமல் அதன் இடுக்கிலிருக்கும் அருகை எடுக்கிற கைகள் அவை. முதுகுக்கு நாலு பேர், மாருக்கு மூன்று பேர், காலுக்கு நாலு பேர். தட்டி, முனையை நுழைத்து, ஒரு நெம்பு நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு தெறித்துச் சாக்கில் விழுந்தது. வழக்கம்போல வாயும் கூடவே வேலை செய்தது.

"ஏ அம்சா, உம் புருசன் முதுகுல மூணு கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு இருக்குடி."

"எங்க பொழப்பக் கெடுத்தவன எங்க கையாலயே களையெடுக்க வச்சிட்டான் பாரு."

"யோவ் பூராசாமி, ஆடாத. குத்துப்பட்டா எங்களச் சொல்லக் கூடாது."

"கூச்சமா இருக்குடி" என்றது குரல், அதில் பானை பாதி போயிருந்தது.

மத்தியானத்துக்குள் முதுகும் மார்பும் கழுத்தும் காலும் வெளியே வந்தன. அவன் சொன்னது உண்மை. தோல் பிறந்த பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது. இடுப்பில் புண் இருந்த இடமே தெரியவில்லை. அங்கங்கே கோழிமுட்டை ஓட்டுக் கனத்தில் ஒட்டியிருந்ததை, மருந்து உள்ளே இறங்குவதற்குள், மழைத் தண்ணீரால் சட்டென்று கழுவித் துடைத்தார்கள். பானு ஒவ்வொரு துணியையும் வாங்கித் தனியாகப் போட்டார்.

கைகள் இருந்தன. இடது கையும் சில்லுச் சில்லாக வந்துவிட்டது. வலது கையில், பம்பைப் பிடித்து அடித்துப் பிடித்து அடித்து மடங்கிப்போயிருந்த நாலு விரல்களுக்கு நடுவே, களைக்கொட்டின் முனை நுழைய இடம் இல்லை. கலக்குகிற கையும் அதுதான். ஓடு அங்கேதான் மூன்று அடுக்காக, வரியும் ரோஸ் நிறமுமாக இருந்தது. மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டு அம்சவல்லியைப் பார்த்தார்கள்.

"தண்ணி ஊத்தித்தான் ஆவணும்" என்றாள் ஒருத்தி, மெதுவாக. "இல்லாட்டி அங்கயிருந்து திரும்ப ஏறும்."

இன்னொருத்தி டிரம்மில் குனிந்து ஒரு குடம் மொண்டு, நிமிர்ந்து நீட்டினாள். அம்சவல்லி கை நீட்டவில்லை.

"நீ குடுக்காத. திரும்ப ஊத்திரு. நானே மொண்டுக்கறேன்."

அவளே மொண்டாள். ஒவ்வொரு குடமும் அவளே மொண்டு, அவளே தூக்கி வந்து, அவளே ஊற்றினாள். வேறு யாரும் டிரம்மைத் தொடக்கூட அவள் விடவில்லை. ஓடு கரைந்து வழிந்தது, ஆனால் மெதுவாக வழிந்தது. டிரம் காலியானபோது இரண்டு விரல் பிரிந்திருந்தது. அம்சவல்லி தனியாக வைத்திருந்த இரண்டு குடத்தையும் பார்த்தாள். பூராசாமியும் பார்த்தான். அவள் முதல் குடத்தைத் தூக்கினாள். பிறகு இரண்டாவதையும் தூக்கினாள். நான்கு விரல்களும் பிரிந்தன.

பூராசாமி அந்தக் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோய், மூச்சை இழுத்தான்.

"மருந்து வாடை வருது" என்றான்.

சாயங்காலத்துக்குள் அந்த நாலு விரல்களும், நுனியிலிருந்து அடிக்கணு வரைக்கும், கரியாகக் கறுத்தன. பெருவிரலும் மற்றதெல்லாமும் நன்றாக இருந்தன. சாக்கில் கிடந்த சில்லுகளைப் பானு மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ரெத்தினவேலு ஏழு ஏக்கரை உழச் சொல்லிவிட்டு, எட்டாவது ஏக்கருக்குக் களைவெட்டப் பதினோரு பேரும் நாளைக்கு வர முடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்; அம்சவல்லி இருபது பேர் வருவார்கள் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு பானையை அடுப்பில் ஏற்றினாள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை.